கல்வெட்டுக்குப் போட்ட படம்

பொலிகண்டி
19.02.2024

மச்சாள் ஜெயகௌரிக்கு,

சாவுத் துடக்கு வீட்டிலை இருந்து எழுதிறன். அதாலை மேலை பிள்ளையார் சுழி போடேல்லை. மறந்துபோனன் எண்டு நினைச்சு ரீச்சர் சிவப்புப் பேனை எடுக்க வேண்டாம்.

ரெலிபோன் எத்தினை தரம் எடுத்தாச்சு. மணி அடிக்குது, நீர் எடுக்கிறீர் இல்லை. எனக்கும் வலக்காது சரியில்லை, எடுத்தாலும் பாதிதான் கேக்கும். அதுதான் எழுதிறன். அஞ்சாம் வகுப்புப் படிச்சவளின்ரை எழுத்து, பாத்து வாசியும்.

உம்மடை அண்ணையின்ரை செத்த வீட்டுக்கு வந்தீர். ஓம், வந்தீர். கேற்றடியிலை குடையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டீர். உள்ளுக்கை வந்து அவரின்ரை முகத்தைப் பாக்கேல்லை, வாய்க்கரிசி போடேல்லை. பிரேதம் படலை தாண்ட முதல் ஓட்டோ பிடிச்சு அச்சுவேலிக்குப் போயிட்டீர். எட்டுச் செலவுக்கும் வரேல்லை. "எங்கை கமலாவதி, மச்சாளைக் காணேல்லை?" எண்டு சனம் கேக்குது. பிறஷர் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். உமக்குப் பிறஷர் இல்லை எண்டு எனக்குத் தெரியும். உம்மாலை மற்ற ஆக்களுக்குத்தான் அது வரும்.

இப்ப விசயத்துக்கு வாறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கப்போறம். நெல்லியடியிலை கிறகோரியின்ரை அச்சகத்திலை குடுத்திருக்கு. வேதக்காரப் பொடியன் எண்டாலும் தேவாரத்தைப் பிழையில்லாமல் அடிப்பான்.

சுபாங்கன் கனடாவிலை ஆரோ ஒரு கவிஞரைப் பிடிச்சுத் தகப்பனுக்குப் பாட்டு எழுதுவிச்சு அனுப்பியிருக்கிறான். "பொலிகண்டி பெற்றெடுத்த பொற்குவியே, புகழ்மலையே, கலியுகத்துக் கர்ணனே" எண்டு தொடங்குது. கர்ணனாம்! ஒரு வெத்திலையை முழுசாய் ஆருக்கும் குடுக்காத மனிசன், பாதியைக் கிழிச்சுத் தன்ரை மடிக்குள்ளை வைச்சிட்டுத்தான் மிச்சத்தை நீட்டுவார்.

ஊரிலை செத்த ஆக்களுக்கெல்லாம் கல்வெட்டுப் பாட்டு எழுதினது இவர்தானே. ஆளைப் பாத்து எழுதுவார். மீன் வித்துத் திரிஞ்ச மனிசிக்கு அவ ஒழுங்கையாலை கூப்பிட்டுக்கொண்டு வாற குரலை எழுதினவர். அந்தக் கஞ்சன் சம்மாட்டியாருக்கு "அளந்து கொடுத்த கை" எண்டு எழுத, பிள்ளையள் நக்கல் விளங்காமல் சந்தோசத்தோடை அச்சடிச்சவை. இப்ப அவருக்கு எழுத ஆளில்லை. அதாலை அவரின்ரை வரலாற்றை நானே ரெண்டு பக்கம் எழுதப்போறன். தங்கச்சி எண்டு நீரும் ஒரு பக்கம் எழுதித் தாரும். நீர் படிச்ச ஆள்.

முகப்புக்கு வெள்ளை உடுப்புப் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறன். நேவியிலை இருக்கேக்கை திருகோணமலையிலை ஸ்ரூடியோவிலை எடுத்தது, தொப்பியோடை. அதுதான் அவர்.

உம்மடை அண்ணையின்ரை மனிசி,
கமலாவதி


அச்சுவேலி
23.02.2024

மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது.

அண்ணை வேட்டி சால்வையோடு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. சுபாங்கனின் கலியாணத்தில் எடுத்தது. அதைப் போடுங்கள். ஒரு பக்கம் என்ன, நாலு பக்கம் எழுதித் தருகிறேன். அந்தியேட்டிக்கு முதல் நாளே வந்து சமையலுக்கும் நிற்கிறேன்.

நேவி உடுப்புப் படம்தான் என்றால் என்னுடைய பெயர் அந்தப் புத்தகத்தில் எந்த இடத்திலும் வரக் கூடாது. சகோதரி என்று போடுகிற இடத்திலும் வரக் கூடாது. அந்தியேட்டிக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

காரணம் உங்களுக்குத் தெரியும். என்னைக் கொண்டு அதை எழுதுவிக்காதையுங்கோ.

ஜெயகௌரி


பொலிகண்டி
26.02.2024

மச்சாள்,

உம்மடை கடிதம் அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி இருக்கு. பென்சன் எடுத்தும் பள்ளிக்கூடம் உம்மை விட்டுப் போகேல்லை.

படத்தை மாத்தட்டாம். மகனும் அதைத்தான் சொல்லுறான். "அம்மா, இஞ்சை சனம் என்ன சொல்லும், அப்பா ஆற்றை நேவியிலை இருந்தவர் எண்டு கேக்குங்கள், வேட்டிப் படத்தைப் போடுங்கோ." நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு வைச்சுத்தான் எழுதிறியளோ? என்ரை பேத்தி தனுசியா ஒருத்திதான், யூனிவேசிற்றியிலை படிக்கிறவள், படத்தைக் கண்டிட்டு "அப்பம்மா, அப்பப்பா என்ன வடிவு!" எண்டு சொன்னவள். அவளுக்கு என்ரை மூளை.

அவர் ஏன் நேவிக்குப் போனவர் எண்டு உமக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை. கொப்பர் கடல்தொழிலுக்குப் போய்ப் புயலிலை திரும்பி வரேல்லை. வீட்டிலை கொம்மாவும் நீரும். இவருக்குப் பதினெட்டு வயசு. ஊர்ப் பொடியள் வலை இழுக்கேக்கை இவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டது உமக்காண்டி. நீர் வெள்ளைச் சீலை கட்டி ரீச்சருக்குப் படிக்கப் போனதும் அந்த உடுப்பாலைதான். அப்ப அந்த உடுப்பு நாறேல்லை. இருபத்திரண்டு வருசம் இருந்தார். எண்பத்தொண்டிலை கழட்டி வைச்சிட்டு வந்தவர். அதுக்குப் பிறகு கடலிலை நடந்ததுக்கெல்லாம் அவர் பொறுப்போ?

கப்பலிலை போற ஆம்பிளையளைப் பற்றி ஊர் என்ன சொல்லுமெண்டு உமக்குத் தெரியும். துறைமுகத்துக்கு ஒருத்தி எண்டு கலியாணத்தண்டே ஒருத்தி என்ரை காதுக்குள்ளை ஊதினவள். இவர் எனக்குக் கிழமைக்கு ஒரு கடிதம் போடுவார். நான் எழுத்துக் கூட்டிக் கஷ்ரப்படுவன் எண்டு எழுத்தைக் குறைச்சுப் படமாய்க் கீறுவார். கப்பலிலை சோறு கருகினால் ஒரு கறுத்தச் சட்டி. என்னை நினைச்சால், ஒரு சுறாமீன் தொப்பியைக் கழட்டிப்போட்டு அழும். அப்பிடிக் கீறுற மனிசனுக்கு இன்னொருத்திக்கு எங்கை நேரம்?

சுபாங்கன் பிறக்கேக்கை லீவிலை வந்து நிண்டு, எனக்குச் சரக்கு அரைச்சுக் கறி வைச்சு, பிள்ளையின்ரை துணி முழுக்கத் தோச்சவர். "நாகலிங்கம் பொம்பிளை வேலை செய்யிறான்" எண்டு கிணத்தடியிலை பகிடி. "கப்பலிலை எனக்கு என்ரை அம்மாவே தோச்சவ?" எண்டு கேட்டிட்டுத் துணியைப் பிழிஞ்சவர்.

உம்மடை காரணம் எனக்குத் தெரியுமெண்டு எழுதியிருக்கிறீர். ஓம், தெரியும். அப்ப நானும் சொல்லுறன். தொண்ணூற்றெட்டிலை உம்மடை பார்த்தீபன், தகப்பன் வருத்தமாய்க் கிடந்ததாலை படகெடுத்துப் போன பிள்ளை, சூடுபட்டு நேவி முகாம் கரையிலை ஒதுங்கினான் எண்டு கேள்விப்பட்ட காலமை ஆர் போனது? ரெண்டு பக்கமும் அடிபட்ட கடல், ஆற்றை சூடெண்டு இண்டைக்கும் தெரியாது. அந்த முகாமுக்குக் கிட்டப் போக ஊரிலை ஒரு ஆம்பிளைக்கும் நெஞ்சில்லை. இவர்தான் சுவரிலை தொங்கின இந்தப் படத்தைக் கழட்டி, என்ரை பழஞ்சீலைத் துண்டிலை சுத்தி, சைக்கிளிலை கட்டிக்கொண்டு போனவர்.

உம்மடை பிள்ளையை வீட்டை கொண்டு வந்தது இந்தப் படம். அதுக்கு நீர் பூ வைக்க வேணும். மறைக்கச் சொல்லுறீர்.

கமலாவதி


அச்சுவேலி
01.03.2024

மச்சாளுக்கு,

மறக்கவில்லை. முகாம் வாசலில் நின்றது நான். நீங்கள் நிற்கவில்லை. நீங்கள் வீட்டில் பந்தலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆகையால் நடந்ததை நான் எழுதுகிறேன், நீங்கள் வாசியுங்கள்.

எங்களை முள்ளுக்கம்பிக்கு வெளியே நிறுத்தினார்கள். நான், ஆழ்வாப்பிள்ளையின் மனைவி, நடராசாவின் தாய். ஒரே படகில் போன மூன்று பிள்ளைகளின் தாய்மார். கரையில் மூன்று பாய்கள் விரித்து மூடியிருந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அண்ணை மட்டும் உள்ளே போனார்.

படத்தைத் துணியிலிருந்து எடுத்தார். அது ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போனது. ஒருவன் படத்தையும் அண்ணையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவன் கதிரையை விட்டு எழும்பி அண்ணைக்குக் கை கொடுத்தான். சிங்களத்தில் என்னவோ சொன்னான். அண்ணை சிரித்தார். அண்ணைக்கும் ஒரு கதிரை வந்தது. தேத்தண்ணி வந்தது. அண்ணை குடித்தார்.

மச்சாள், என்ரை பிள்ளை பாய்க்குக் கீழை கிடக்குது. அவன்ரை கால் வெளியிலை தெரியுது. அவன்ரை கால்தான் எண்டு எனக்குத் தெரியுது. இவர் கோப்பையைப் பீரிசிலை வைச்சு வைச்சு எடுத்துக் குடிக்கிறார்.

"அண்ணை, மற்றப் பிள்ளையளையும் கேளுங்கோ" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். திரும்பிப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். பார்த்தீபனை மட்டும் தந்தார்கள். மற்ற இரண்டு பாய்களையும் ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள். எங்கே கொண்டு போனார்கள் என்று அந்த இரண்டு தாய்மாருக்கும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

உரிமையாய்க் கேட்டு வாங்கவேண்டிய பிள்ளையை அண்ணை இனாமாய் வாங்கிக்கொண்டு வந்தார். பழைய கூட்டாளிக்குக் கொடுக்கிற சாமான் மாதிரிக் கொடுத்தார்கள். நான் கொள்ளி வைக்கப் பிள்ளை கிடைத்தவள். பக்கத்து வீட்டில் கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை.

நான் கடலுக்குப் பயந்து அச்சுவேலிக்கு வந்தேன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இல்லை. சங்கக்கடை வரிசையில் ஆழ்வாப்பிள்ளையின் மனைவி எனக்கு முன்னால் நின்றாள். திரும்பி, "ரீச்சர், உங்கடை அண்ணையிட்டை இன்னும் ரெண்டு படம் இருக்கேல்லையோ?" என்று கேட்டாள். கோபமாய்க் கேட்கவில்லை. சீனி வந்திட்டுதோ என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். அந்த மாதமே வீட்டைப் பூட்டினேன்.

இன்னுமொன்று. ஊரிலுள்ள சவங்களுக்கெல்லாம் பாட்டு எழுதிய அண்ணை என்ரை பிள்ளையின் கல்வெட்டுக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாய் விட்டே அச்சடித்தேன்.

இப்போது அந்தப் படத்தை முகப்பில் போட்டு, அந்தத் தாய்மாரின் கையிலேயே கொடுக்கப் போகிறீர்கள்.

ஜெயகௌரி


பொலிகண்டி
05.03.2024

மச்சாள்,

சங்கக்கடைக் கதை எனக்குத் தெரியாது. நீர் சொல்லேல்லை, அவவும் சொல்லேல்லை. இவ்வளவு காலமும் அவவோடை கோயிலிலை பக்கத்திலை இருந்து பூ கட்டியிருக்கிறன்.

இதை இடைக்கிடை நிப்பாட்டி நிப்பாட்டி எழுதிறன், எழுத்துக் கோணினால் குறை நினையாதையும்.

அவர் சிரிச்சவர் எண்டு எழுதியிருக்கிறீர். உமக்குச் சிங்களம் தெரியாது. காடாத்து முடிஞ்சு வந்து, தலையிலை வாத்த தண்ணி வடிய வடிய நிண்டு எனக்குச் சொன்னவர். மூண்டு பிள்ளையளையும்தான் கேட்டவர். அந்தப் பெரியவன் படத்தைத் தட்டிக் காட்டி, "இதிலை நிக்கிறது ஒராள்தானே, ஒண்டைக் கொண்டு போ" எண்டு பகிடி விட்டவனாம். சுத்தி நிண்டவங்கள் சிரிச்சவங்களாம். தான் சிரிக்காட்டி அந்த ஒண்டும் வராதெண்டு இவருக்குத் தெரியும். சிரிச்சவர். தேத்தண்ணியும் அப்பிடித்தான். வேண்டாமெண்டால் அவங்களுக்கு முகம் மாறும்.

"தங்கச்சிக்குச் சொல்லாதை" எண்டு சத்தியம் வாங்கினவர். "என்ரை சிரிப்பைக் கண்டவள் என்னைக் கோவிக்கட்டும், அவன் சொன்ன சொல்லு அவளின்ரை காதுக்குப் போகவேண்டாம்" எண்டவர். இப்ப அதை உமக்கு எழுதிப்போட்டன். சத்தியம் வாங்கின மனிசன் போயிட்டார், இனி என்ன.

பாட்டு எழுதேல்லை எண்டது சரி. எழுதி ஒளிச்சு வைச்சவர் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். கடதாசியை முன்னாலை வைச்சுக்கொண்டு இருந்தவர். பிறகு எழும்பிப் போய்ப் படலைக்குக் கீல் பூட்டினவர். அதோடை சரி, ஆருக்கும் எழுதேல்லை. சனம் வந்து கேக்கும். கண் தெரியாது எண்டு சொல்லுவார். அந்தக் கண்ணாலை சாகுமட்டும் ஊசிக்கு நூல் கோத்துத் தந்தவர்.

இவ்வளவும் எழுதினதாலை நான் படத்தை மாத்துவன் எண்டு நினைக்காதையும். மாத்தமாட்டன்.

உமக்கு அந்தப் படத்தை ஒரு பகல் தெரியும். எனக்கு அம்பத்தெட்டு வருசமாய்த் தெரியும். பேச்சுக்கால் நடக்கேக்கை இவர் கப்பலிலை. மாப்பிள்ளையைக் காட்ட ஆளில்லாமல் கொம்மா இந்தப் படத்தைக் கொண்டுவந்து என்ரை மடியிலை வைச்சவ. நீரும் கூட வந்தீர், ரெட்டைப் பின்னலோடை. "அண்ணை நேரிலை இதைவிட வடிவு" எண்டு எனக்குச் சொன்னது நீர். நான் ஓமெண்டது அந்தப் படத்துக்கு. அதுக்குப் பிறகுதான் மனிசன். அந்த முகாமிலை நாலு பேர் கை மாத்திப் பாத்தவங்கள் எண்டதுக்காண்டி என்ரை கலியாணத்தை நான் அவங்களுக்கு எழுதிக் குடுக்க ஏலாது.

உம்மடை பெயரும் வரும். அவருக்குக் கூடப்பிறந்தது ஒரு தங்கச்சி. இல்லையெண்டு அச்சடிக்க என்னாலை முடியாது.

வாரும். பின்வாசலாலை எண்டாலும் வாரும்.

கமலாவதி


பொலிகண்டி
14.03.2024

மச்சாள்,

பதில் போடேல்லை. வரவுமில்லை. முந்தநாள் எண்டாலும் வருவீர் எண்டு பாத்தன்.

கீரிமலைக்குப் போய் எல்லாம் ஒழுங்காய் முடிஞ்சுது. சுபாங்கன் வந்து நிண்டு செய்தவன், ஐயர் சொன்ன மந்திரத்தைப் பாதி முழுங்கினான். சனத்துக்குக் குறைவில்லை. சாப்பாட்டிலை பயித்தங்காய்க் கறிக்கு உப்புக் காணாது, நீர் நிண்டிருந்தால் கண்டுபிடிச்சிருப்பீர்.

கல்வெட்டுப் புத்தகத்தைப் படலையடியிலை மேசை போட்டுத் தட்டிலை அடுக்கி வைச்சது. அவரின்ரை முகம் மேலை தெரியத்தக்கதாய். நானே கதிரை போட்டு அதிலை இருந்து குடுத்தன்.

ஆழ்வாப்பிள்ளையின்ரை மனிசி வந்தவ, தடியூண்டிக்கொண்டு. நீர் எழுதினதை வாசிச்ச பிறகு அவவின்ரை கையிலை அதைக் குடுக்க எனக்குக் கை வரேல்லை. எண்டாலும் குடுத்தன். ஊர் முழுக்கக் குடுத்திட்டு அவவுக்கு மட்டும் குடுக்காமல் விட ஏலுமோ? வாங்கிப் பாத்தா. கனநேரம் பாத்தா. "பெயர் போடேல்லையே?" எண்டு கேட்டா. "ஆற்றை?" எண்டன். கடல் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாத்தா. புத்தகத்தைத் தட்டிலை கவிட்டு வைச்சிட்டு, சோத்துப் பாசலை மட்டும் வாங்கிக்கொண்டு போனா.

பின்னாலை நிண்டவை அதைக் கண்டவை. அவையும் வாங்கிக் கவிட்டு வைச்சினம். நான் நிமித்தி வைச்சன். திரும்பவும் கவிட்டு வைச்சினம். வாயாலை எல்லாரும் "பாத்திருங்கோ அக்கா", "உடம்பைக் கவனியுங்கோ" எண்டுதான் சொல்லிச்சினம். பின்னேரம் வரைக்கும் நான் மேசையிலை நிமித்திக்கொண்டே இருந்தன்.

மிச்சம் கட்டுக் கட்டாய் அலுமாரிக்கு மேலை கிடக்கு. மகன் எறிவம் எண்டான். கையை முறிப்பன் எண்டன். நீர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் எண்டு இப்ப நான் நினைக்கிறன் எண்டு நீர் நினைக்கவேண்டாம். நினைக்கேல்லை.

ஒண்டு உமக்கும் அனுப்பிறன். வேண்டாமெண்டால் நீரும் கவிட்டு வையும்.

கமலாவதி


அச்சுவேலி
20.03.2024

மச்சாளுக்கு,

புத்தகம் கிடைத்தது. நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் வாசித்தேன். பிழைகள் இருக்கின்றன. திருத்தவில்லை. சுறா அழுகிற இடத்தில் சிரித்துவிட்டேன்.

ஐந்தாம் திகதி எழுதிய கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் பேசாமல் இருந்தேன். "ஒண்டைக் கொண்டு போ." சமைக்கும்போதும் கேட்கிறது, குளிக்கும்போதும் கேட்கிறது. அண்ணை எனக்கு நல்லது செய்வதாய் நினைத்திருக்கிறார். என்னைக் கேளாமல் செய்திருக்கிறார். இவ்வளவு காலமும் ஒரு பிழையான காரணத்துக்காக அவரோடு கதையாமல் இருக்கவிட்டு, தானும் கதையாமல் இருந்துவிட்டுப் போய்விட்டார். சொல்லியிருந்தால் அந்தத் தாய்மாருக்கு நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருப்பேன்: அவர் கேட்டவர் என்று. அந்த ஒரு சொல்லும் இல்லாமல்தான் நான் ஊரை விட்டு வந்தேன். கோபம் குறையவில்லை மச்சாள். முந்திக் கோவிக்க ஒரு ஆள் இருந்தார், இப்போது ஆளும் இல்லை.

இந்த வீட்டில் அண்ணையின் படம் ஒன்றுகூட இல்லை. நான்தான் வைக்கவில்லை. நேற்றுக் கத்தரிக்கோலை எடுத்து உங்கள் புத்தகத்தின் முகப்பை வெட்டினேன். தொப்பிக்குக் கீழே, கழுத்துக்கு மேலே. முகத்தை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டுப் பார்த்தீபனுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நாடி. இதுவரை நான் அதைக் கவனிக்கவில்லை.

மிச்சம் மேசையில் கிடக்கிறது. அடுப்பில் போட மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் என்னால் முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஜெயகௌரி


பொலிகண்டி
25.03.2024

மச்சாள்,

கூடப்பிறந்தவளும் கட்டினவளும் ஒரு மனிசனை இவ்வளவு காலமும் இழுபறிப்பட்டது காணாதெண்டு நீர் கத்தரிக்கோலும் எடுத்திட்டீர். நல்லது.

அடுப்பிலை போடாதையும். தபாலிலையும் அனுப்பாதையும், மடிஞ்சுபோகும். வெள்ளிக்கிழமை காலமை பஸ்ஸிலை நான் வாறன்.

முகம் உம்மோடை இருக்கட்டும். உடம்பைத் தாரும், நான் வீட்டை கொண்டு போறன்.

கமலாவதி